கப்பல் காத்திருக்காது: கரையில் கிடைக்கும் எட்டு மணி நேரம் யாருக்கு?

ஜொகூர் பாரு - ஒரு காலத்தில் உல்லாசக் கப்பல் என்றால் அது பணக்காரர்களின் விவகாரம். இன்று கூலாயிலும் மாசாயிலும் குளுவாங்கிலும் உள்ள நடுத்தரக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்று மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணம் போய் வருகின்றன. திருமண நாள், பெற்றோரின் மணிவிழா, பணி ஓய்வு என்று காரணங்கள் பல. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டியைச் சக்கர நாற்காலியில் அமர்த்திக் கப்பல் ஏற்றிச் செல்லும் பேரப்பிள்ளைகளும் உண்டு.

சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையம் 2012இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே ஹார்பர்ஃபிரண்ட் முனையம் இயங்கி வருகிறது. 'கெந்திங் டிரீம்' கப்பல் 2022 ஜூன் முதல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு போர்ட் கிள்ளான், பினாங்கு, ஃபுக்கெட் என்று மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. ஜொகூர்க்காரர்களுக்கு மிக அருகில் உள்ள கப்பல் வாசல் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது பயணிகளின் முன் ஒரு கேள்வி நிற்கிறது. கப்பல் நிறுவனம் விற்கும் கரைச்சுற்றுலாவை வாங்குவதா? அல்லது தாமாகவே இறங்கி, வேனோ கிராப்போ பிடித்துச் சுற்றி வருவதா? இது ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு மட்டும் அல்ல. அந்தச் சில மணி நேரத்தில் செலவாகும் பணம் கப்பலுக்குள்ளேயே நிற்குமா, கரையில் உழைப்பவர் கைக்கு வருமா என்பதும் இதில்தான் முடிவாகிறது.

கப்பல் விற்பது எதை?

பெரிய கப்பல் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அவற்றின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. குடிபானம், கடை, சூதாட்டக் கூடம், இணையச் சேவை ஆகியவற்றோடு கரைச்சுற்றுலாவும் அந்தப் பங்கில் அடங்கும். கரையில் பேருந்து ஓட்டுவதும் வழிகாட்டுவதும் உள்ளூர் நிறுவனமே. ஆனால் சீட்டை விற்பது கப்பல். பயணி கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கப்பல் எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி உள்ளூர் நிறுவனத்துக்கு வருகிறது. அதிலிருந்து ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் போய்ச் சேர்வது இன்னும் சிறு பங்கு.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் கப்பலின் சுற்றுலாவையே வாங்குகிறார்கள்? அதே கோயில், அதே கடைத்தெரு, அதே சாலை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். தன் பேருந்து நெரிசலில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் பயணிகளை அடுத்த துறைமுகத்தில் கொண்டு சேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்கும். தனியாகப் போனவர் தாமதமானால் கப்பல் போய்விடும்.

ஆகக் கப்பல் விற்பது பத்துமலையை அல்ல, பினாங்குக் கொடிமலையை அல்ல. நேரத்துக்குத் திரும்பி வருவோம் என்ற உத்தரவாதத்தையே அது விற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பயணிக்கும் தெளிவு கிடைக்கும், கரையில் பிழைப்பு நடத்துபவருக்கும் வழி தெரியும்.

சாவோ தோமேயில் நடந்தது

2024 மார்ச் 27. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ தோமே தீவில் 'நோர்வேஜியன் டான்' என்ற கப்பல் நங்கூரமிட்டிருந்தது. எட்டுப் பயணிகள், ஆறு அமெரிக்கர்களும் இரண்டு ஆஸ்திரேலியர்களும், கப்பல் ஏற்பாடு செய்யாத தனிச் சுற்றுலா ஒன்றில் தீவைப் பார்க்கப் போயிருந்தார்கள். மாலை 3 மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் அந்த நேரத்தைத் தவறவிட்டார்கள்.

தீவின் கடலோரக் காவல் படையினர் அவர்களைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குப் பக்கத்திலேயே கொண்டு போனார்கள். கப்பல் அப்போதும் நங்கூரத்தில்தான் நின்றது. ஆனாலும் ஏற அனுமதி கிடைக்கவில்லை. அவர்களுடைய கடப்பிதழ்கள் துறைமுக முகவரிடம் ஒப்படைக்கப்பட்டன. சிலருடைய மருந்துகள் கப்பல் அறையிலேயே தங்கிவிட்டன. பல நாடுகள் வழியாக அலைந்து காம்பியாவுக்குப் போனால், கடல் நிலை காரணமாகக் கப்பல் அங்கே நிற்கவில்லை. கடைசியில் செனகலில்தான் மீண்டும் கப்பலைப் பிடிக்க முடிந்தது.

இந்தச் செய்தி வந்தபோது உலகெங்கும் வாதம் நடந்தது. நிறுவனத்துக்கு இரக்கம் இல்லை என்றனர் சிலர். நேரத்தை மதிக்காதவர்கள் அனுபவிக்கட்டும் என்றனர் வேறு சிலர். இரண்டும் முழு நியாயம் அல்ல. துறைமுகத்தில் ஒரு கப்பல் கூடுதலாக நிற்பதற்குக் கட்டணம் உண்டு, வழிகாட்டு மாலுமியின் நேரம் உண்டு, கடல் ஏற்ற இறக்கம் உண்டு. அதேசமயம், நேரத்தைத் தவறவிட்ட பயணிகளே குற்றவாளிகள் என்பதும் பொருந்தாது. அவர்கள் நம்பிப் போன சுற்றுலா நடத்துநரும் அந்தப் பொறுப்பில் பங்காளிதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கப்பல் வழியே வாங்கினால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வாக்காரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேர் உயிரிழந்தனர். தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 'ஓவேஷன் ஆஃப் தி சீஸ்' என்ற உல்லாசக் கப்பலின் பயணிகள். கப்பல் தருவது நேர உத்தரவாதம். அதை உயிருக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. போகும் இடம் எப்படிப்பட்டது என்று விசாரிக்கும் வேலை யாரிடம் வாங்கினாலும் பயணியுடையதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

எந்தத் துறைமுகத்தில் தனியாக இறங்கலாம்?

எல்லாத் துறைமுகமும் ஒன்றல்ல. ஜொகூர்க் குடும்பங்கள் அதிகம் போகும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

பினாங்கில் கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுன் நகரத்தின் மேலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் சற்று நடந்தால் குட்டி இந்தியாவும் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயமும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த பகுதியே அதுதான். இங்கே தனியாக இறங்குவதில் பயப்பட ஒன்றும் இல்லை. நெரிசல் வந்தாலும் காலால் நடந்து கப்பலைப் பிடித்துவிடலாம். கொடிமலை ரயிலுக்கோ தண்ணீர்மலை ஆலயத்துக்கோ போவதென்றால் மட்டும் வரிசையையும் சாலையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

போர்ட் கிள்ளான் கதை வேறு. பெயரைக் கேட்டுவிட்டு, இறங்கியதும் கிள்ளான் பட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். உல்லாசக் கப்பல் முனையம் இருப்பது பூலாவ் இண்டாவில். கொமுட்டர் ரயில் நிலையமும் அதன் அருகில் இல்லை. காலை 9 மணிக்குக் கப்பல் அணைந்து, மாலை 5 மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 8 மணி நேரம். ஆயிரக்கணக்கானோர் இறங்கும் வரிசையில் ஒரு மணி நேரம் போகும். திரும்பும்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. மிச்சம் 6. பத்துமலைக்குப் போக ஒன்றரை, வர ஒன்றரை என்றால் 3. இந்த மூன்று மணி நேரத்தில்தான் 272 படி ஏறி இறங்கி, சாமி கும்பிட்டு, சாப்பிட வேண்டும். முடியும். ஆனால் "போகிற வழியில் இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொல்லும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. கைக்குழந்தையோ வயதானவரோ உடன் இருந்தால் கிள்ளானோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். தெங்கு கிளானா சாலை குட்டி இந்தியாவும் சுந்தரராஜப் பெருமாள் ஆலயமும் அந்த ஊரிலேயே இருக்கின்றன.

ஃபுக்கெட்டில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, கப்பல் கரையில் அணையாமல் கடலில் நின்று, பயணிகளைச் சிறு படகில் இறக்கும் ஏற்பாடு. அப்படியானால் கணக்கு வைக்க வேண்டியது கப்பல் புறப்படும் நேரத்தை அல்ல, கடைசிப் படகின் நேரத்தை. இரண்டு, கடிகாரம். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கைப்பேசி 3 மணி என்று காட்டும்போது கப்பலில் 4 மணி ஆகியிருக்கும். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று இறங்குவதற்கு முன்பே கேட்டு, கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்வது பெரிய தொல்லையைத் தவிர்க்கும்.

இன்னும் சில எளிய முன்னேற்பாடுகள் உள்ளன. அன்றாட மருந்தைக் கைப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடப்பிதழைச் சில கப்பல்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதன் நகலாவது கையில் இருக்க வேண்டும். துறைமுக முகவரின் தொலைபேசி எண் கப்பலின் அன்றாட அறிவிப்புத் தாளில் இருந்தால் அதைப் படம் பிடித்துக்கொள்ளலாம். கப்பலைத் தவறவிட்டால் பயணக் காப்புறுதி பணம் தருமா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும்.

ஜொகூர்க்காரர்களுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. அவர்களுடைய முதல் 'துறைமுகம்' ஜொகூர் பாலம்தான். பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமையில் பாலத்தில் மாட்டிக்கொண்டு கப்பலைத் தவறவிட்டால் அதற்கு எந்தக் கப்பலும் பொறுப்பேற்காது. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்புவதும், அதிகாலையிலேயே பாலத்தைக் கடப்பதும் கப்பல் பயணத்தின் பகுதிகளே.

ஜொகூருக்கு என்ன கிடைக்கும்?

இதுவரை பார்த்தது கப்பல் ஏறிப் போகும் ஜொகூர்க்காரரின் நிலை. கப்பலில் வருபவரால் ஜொகூருக்கு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி.

மூவாரிலிருந்து மெர்சிங் வரை நீண்ட கடற்கரை இருந்தும், பெரிய உல்லாசக் கப்பல்கள் வாடிக்கையாக அணையும் முனையம் ஜொகூரில் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் ஒரு நாளோ இரு நாளோ நிற்கும் கப்பல்களும், கப்பல் ஏறுவதற்காக முன்கூட்டியே வந்து தங்கும் வெளிநாட்டுப் பயணிகளும் ஏராளம். அவர்களில் சிலரேனும் ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் வந்து போனால்? இன்றைய நிலையில் இந்த யோசனைக்குக் குறுக்கே நிற்பது பாலத்தின் நெரிசல். 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தினமும் கடக்கும் அந்த ஒரு கிலோமீட்டரை நம்பி, நேரக் கெடு உள்ள கப்பல் பயணியை அழைத்து வர யாருக்கும் துணிவு வராது.

ஆர்டிஎஸ் விரைவு ரயில் இந்த நிலையை மாற்றக்கூடும். 2026 இறுதி என்ற இலக்கோடு கட்டப்பட்ட இந்த 4 கிலோமீட்டர் பாதை, ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் ஏறக்குறைய 5 நிமிடத்தில் இணைக்கும். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். மரினா பே முனையத்தில் இறங்கும் ஒருவர் மரினா சவுத் பியர் நிலையத்தில் ஏறி, மரினா பேயில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்துக்கு மாறினால், நேராக உட்லண்ட்ஸ் நோர்த் வந்துவிடலாம். சாலை நெரிசல் என்ற பேச்சே அதில் இல்லை.

புக்கிட் சாகாரிலிருந்து நடக்கும் தூரத்தில் தான் ஹியோக் நீ சாலையின் பழைய கடைவீடுகளும், உங்கு புவான் சாலை இராஜமாரியம்மன் தேவஸ்தானமும் உள்ளன. கண்ணாடி ஆலயம் என்று உலகம் அறிந்த அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயமும் தொலைவில் இல்லை. அரை நாளுக்கு இது தாராளம். ஆனால் கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும் என்பதையும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் எந்நேரம் நெரிசல் என்பதையும் அறிந்த ஒருவர் கூட இருந்தால்தான் அந்த அரை நாள் வீணாகாது. அந்த ஒருவர் யார் என்பதில்தான் நம் சமூகத்தின் பங்கு இருக்கிறது.

வருபவர்களில் இந்தியர்கள் கணிசமானோர். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு அளித்து வந்துள்ளது. ஆனால் அவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அது ஒருமுறை நுழைவுக்கானது என்றால், ஜொகூருக்கு வந்தவர் திரும்பக் கப்பலுக்குப் போக முடியாது. மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும். தமிழில் இதை எடுத்துச் சொல்லி, எல்லைச் சோதனை வரை உடன் வந்து அனுப்பி வைக்கும் வழிகாட்டிக்கு வேலை நிச்சயம் உண்டு.

உரிமம் இல்லாத வேன், உத்தரவாதம் இல்லாத பிழைப்பு

இங்கேதான் கசப்பான உண்மை ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. ஜொகூரில் வேன் ஓட்டும் நம்மவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பள்ளி வேன், தொழிற்சாலை வேன், வார இறுதியில் கோயில் பயணம் என்று ஓடுகிறார்கள். ஆனால் தனியார் வேனில் கூலிக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். சுற்றுலா வாகனத்துக்குத் தனி உரிமம் வேண்டும்; ஓட்டுநருக்குத் தொழில்முறை உரிமம் வேண்டும். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி, சுற்றுலா நடத்தும் நிறுவனமும் வழிகாட்டியும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அமைச்சு அங்கீகரித்த பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறியவருக்கே வழிகாட்டி அட்டை கிடைக்கும்.

"எதற்கு இத்தனை கெடுபிடி? கொஞ்சம் சம்பாதிக்க விடக் கூடாதா?" என்று கேட்பது இயல்பு. ஆனால் உரிமம் இல்லாத வேன் விபத்தில் சிக்கினால் காப்புறுதி கைவிரித்துவிடும். நடுவழியில் சோதனையில் பிடிபட்டால் வேனும் நிற்கும், பயணியும் நிற்பார், கப்பலோ புறப்பட்டுவிடும். அப்போது இழப்பது ஒரு நாள் கூலியை மட்டும் அல்ல. தமிழ் ஓட்டுநரை நம்பிப் போகாதே என்ற பெயரையும் சேர்த்துச் சம்பாதிக்கிறோம்.

கப்பல் அதிக விலைக்கு விற்கும் அதே உத்தரவாதத்தை நம்மவர்களும் நியாயமான விலைக்கு விற்க முடியும். உலகின் பல துறைமுகங்களில் சிறு நிறுவனங்கள் அதைத்தான் செய்கின்றன. குறித்த நேரத்தில் கப்பலில் சேர்ப்போம், தவறினால் அடுத்த துறைமுகம் வரை செலவு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்து ஆள் பிடிக்கின்றன. அதற்குத் தேவை உரிமம், காப்புறுதி, மாற்று வாகனம், சாலையை அறிந்த ஓட்டுநர். கடைசியாகச் சொன்னது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு எழுந்து பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வரும் ஜொகூர்க்காரரை விட அந்த எல்லையின் நேரத்தை நன்கு அறிந்தவர் யார்?

தனி ஒருவரால் இது முடியாது என்பதும் உண்மை. பயிற்சிக் கட்டணம், வேன் முன்பணம், நிறுவனப் பதிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் தோட்டத்துப் பிள்ளைக்கு அது மலை. இந்தியச் சமூகத்துக்கான மித்ராவும், தெக்குன் வழி கிடைக்கும் ஸ்பூமி கடனும் எத்தனையோ தொழில்களுக்குக் கை கொடுக்கின்றன. ஜொகூரில் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியை அந்தப் பட்டியலின் மேலே கொண்டு வர இதுவே நேரம். நான்கைந்து வேன்காரர்கள் கூட்டாக ஒரு நிறுவனம் பதிவு செய்தால், ஒரு வேன் பழுதானாலும் இன்னொன்று ஓடும். ஆலய நிர்வாகங்களும் சுற்றுப்பயணிகள் வரும் நேரம், உடைக் கட்டுப்பாடு, படம் பிடிக்கும் விதி ஆகியவற்றை எழுதி வைத்தால் வழிகாட்டியின் வேலை எளிதாகும்.

காலம் அதிகம் இல்லை. கப்பல் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட 'டிஸ்னி அட்வெஞ்சர்' கப்பலின் 3, 4 இரவுப் பயணங்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே சுற்றித் திரும்பும் வகையில் அமைக்கப்பட்டவை. கப்பல் கரையில் நிற்காவிட்டால் பயணியின் பணம் முழுவதும் கப்பலுக்குள்ளேயே செலவாகும். பயணி இறங்கி நடக்க விரும்பும் அளவுக்குக் கரை கவர்ச்சியாகவும் நம்பகமாகவும் இருந்தால்தான், நிற்கும் கப்பல்களாவது தொடர்ந்து நிற்கும்.

கப்பல் ஏறிப் போகும் ஜொகூர்க் குடும்பமும், கப்பலில் வருபவரை எதிர்பார்க்கும் ஜொகூர் இளைஞரும் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான். தனியாகப் போவது தவறல்ல. கணக்கில்லாமல் போவதுதான் தவறு. அடுத்த முறை பினாங்கிலோ கிள்ளானிலோ இறங்கும்போது, உரிம அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட உள்ளூர் வழிகாட்டியிடம், "எத்தனை மணிக்குத் திரும்பிக் கொண்டு வந்து விடுவீர்கள், அண்ணே?" என்று முதலில் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் சொல்பவருடன் போங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நாளை புக்கிட் சாகார் நிலைய வாசலிலும் நிற்க வேண்டும்.